கீழே போன மேல்மண்

1983 ஆகஸ்ட் 17, புதன்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்து குளித்து, முந்தின நாள் சீவிவைத்த பென்சில்கள் நான்கையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. 5.50க்கு மாயவரத்தில் காரைக்கால் வண்டி கிளம்பியது. கட்டணம் மூன்று ரூபாய் இருபது காசு. நிலத்தைத் துளைத்து மாதிரி எடுக்கும் ஐந்தடி இரும்புக் கருவி என் காலடியில் கிடந்தது. அதற்கும் அரை டிக்கெட் போடட்டுமா என்று நடத்துனர் கேட்டார். தரங்கம்பாடி, பொறையாறு தாண்டி 7.25க்குக் காரைக்கால். அங்கிருந்து திருமலைராயன்பட்டினத்துக்கு அறுபது காசு. பிறகு போலகத்துக்கு நடை.

மண் ஆய்வாளனாக நான் போன காரியம் இது. சவரிமுத்து என்பவரின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வயலுக்கடியில் நல்ல மணல் இருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார். மேல்மண்ணையும் அதன் கீழுள்ள சாம்பல் நிறக் களிமண்ணையும் தனித்தனியே குவித்துவைத்து, மணலை எடுத்தபின் இரண்டையும் திரும்பப் பரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. வயல் பள்ளமாகும், ஆனாலும் நெல் விளையும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த மேல்மண்ணை அளந்தவன் நான்தான். ஒன்பது அங்குலம், விரலில் உதிரும் கறுப்பு மண். அதன் கீழே மூன்றடிக் களி. இன்று நான் சரிபார்த்துச் சான்றிதழில் கையெழுத்திட்டால் நிலம் சவரிமுத்துவிடம் திரும்பிவிடும். பங்காளி வயலில் ஒரு மூலையை இரவல் வாங்கி அவர் நாற்று விட்டிருந்தார். அது ஒரு சாண் வளர்ந்திருந்தது.

9.10க்கு முதல் துளை போட்டேன். சாம்பல் நிறக் களி ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது தப்படி தள்ளி இரண்டாவது, அதுவும் களி. பதினொன்றாவது துளையிலும் களிதான். கருவியை அடிவரை இறக்கினேன். மூன்றேகால் அடியில் கறுப்பு மண் ஏறியது. அதில் பழைய நெல் தாளின் வேர் ஒட்டியிருந்தது.

சவரிமுத்து அந்த மண்ணை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கலியமூர்த்தி குடையோடு வந்தார். மேல்மண் குவியல் குழியின் விளிம்பிலும் களி அதற்கு அப்பாலும் இருந்ததாம். புல்டோசர் கிட்ட இருந்ததை முதலில் தள்ளியதாம். "ரெண்டும் இந்த வயக்காட்டு மண்ணுதானே சார். மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?"

"அப்ப நீங்க சோத்தத் தரையில கொட்டி, அது மேல எலையப் போட்டுச் சாப்புடுங்க," என்றார் சவரிமுத்து. "ரெண்டும் ஒரே எடத்துலதான இருக்குது."

கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினார். மறுநாள் இயந்திரத்தை வேறு ஊருக்கு ஏற்ற லாரி வருகிறது, கையெழுத்துப் போட்டுவிடுங்கள், மழை பெய்தால் எல்லாம் கலந்து சரியாகிவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஓர் அங்குல மேல்மண் உண்டாக எத்தனை தலைமுறை ஆகும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா? மூன்றடிக் களியின் மேல் நாற்றை ஊன்றினால், களி காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வேர் அழுகும். நெல் எங்கிருந்து வரும்? வீடு கட்டுகிறவன் கூரையை அஸ்திவாரத்தில் போட்டால் ஊரே சிரிக்கும். வயலில் செய்தால் மட்டும் சான்றிதழ் கேட்கிறார்கள்.

என் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'தனித்தனியே குவிக்கவும்' என்று எழுதியிருந்தேன். குழிக்கு எது கிட்ட, எது எட்ட என்று எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாததற்கு வேறு யாரைக் கேட்பது?

சான்றிதழில் கையெழுத்திட மறுத்தேன். அது இல்லாமல் அடுத்த குழிக்கு அனுமதி வராது என்பது கலியமூர்த்திக்கும் தெரியும். களியை வழித்து, கறுப்பு மண்ணை வெளியே எடுத்து, மறுபடி வரிசையாகப் போட எட்டு நாள் ஆகும் என்று முணுமுணுத்தார். நாற்று அதுவரை தாங்கும் என்றார் சவரிமுத்து. மேல்மண் முழுதும் மீளாது, கொஞ்சம் களியோடு கலந்தே போகும் என்று நானும் மறைக்காமல் சொன்னேன்.

"மீண்ட வரைக்கும் மீளட்டும் சார். நாளைக்கு நீங்க இங்க இருப்பீங்கல்ல?" என்றார் சவரிமுத்து.

மாலை வண்டியில் திரும்புவதாகத்தான் திட்டம். காரைக்காலில் ஆறு ரூபாய் வாடகைக்கு அறை எடுத்தேன்.

ஆகஸ்ட் 18, வியாழன், காலை 6.20. புல்டோசர் களியை வழிக்கத் தொடங்குவதற்கு முன், முதல் வேலையாக வயலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் இரண்டு கோடுகள் போட்டேன். குழியை ஒட்டிய கோட்டில் களி, அதற்கு இருபது தப்படி அப்பால் மேல்மண். கயிற்றின் மறுமுனையைச் சவரிமுத்து பிடித்திருந்தார்.