நியாலாஸ் தோட்டத்தில் ஸ்டிக்கர் இல்லாத இரண்டு ஓவன்கள்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களுக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. போன மாதம் நான் போனது ஓர் அறிக்கைக்காக. அங்கே ஒரு தோட்டத்தில் எட்டுப் பெண்கள் சேர்ந்து கேக், பிஸ்கட் செய்து விற்கிறார்கள். அரசாங்க மானியத்தில் அவர்களுக்கு இரண்டு ஓவன்களும் மாவு பிசையும் இயந்திரம் ஒன்றும் கிடைத்தன. மானியத்தின் இரண்டாம் பகுதி ரொக்கம். ஆறு மாத முன்னேற்ற அறிக்கை ஏற்கப்பட்டால்தான் அது வரும். அதை வைத்து நியாலாஸ் கடைத்தெருவில் ஒரு கடை எடுப்பதாகத் திட்டம். அந்த நம்பிக்கையில் குழுவில் ஒருவரான லெட்சுமி அக்கா பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலையையே விட்டுவிட்டார்.

குழுத்தலைவி புஷ்பா அக்கா என் அம்மாவின் தோழி. அறிக்கையை மலாயில் எழுத வேண்டும் என்பதால், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய என்னைக் கூப்பிட்டார். எனக்குப் புதியவர்களிடம் பேசக் கூச்சம். முடியாது என்று சொல்ல அதைவிடக் கூச்சம்.

மலாக்கா சென்ட்ரல் பஸ் நிலையத்தில் காலை எட்டரைக்கு ஜாசின் பஸ் ஏறினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜாசினிலிருந்து தோட்டம் சுமார் இருபது கிலோமீட்டர். பஸ்ஸை நம்ப முடியாது என்று போனில் கார் பிடித்தேன், இருபத்தெட்டு வெள்ளி. ஓட்டுநர் பக்கத்து மெர்லிமாவ் ஊர்க்காரர், தமிழர்.

"உள்ள தோட்டத்துக்கா? சொந்தக்காரங்க இருக்காங்களாம்மா?"

"இல்லண்ணே. ரிப்போர்ட் எழுதப் போறேன்."

"யாரு மேலம்மா?"

மானியக் கதையைச் சொன்னேன். "ஓ, அந்த ரிப்போர்ட்டா. போலீஸ் ரிப்போர்ட்டாவது ஒரு தடவ எழுதுனா போதும்லா," என்றார். இறக்கிவிடும்போது, அங்கிருந்து திரும்பக் கார் கிடைக்காது என்று தன் நம்பரையும் கொடுத்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சாலை முகப்பிலிருந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் வரை இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். உள்ளே பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டு. புஷ்பா அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டார். வழியில், முன்பு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக் கொட்டகையைக் காட்டினார். முதலில் அங்கேதான் கேக் செய்தார்களாம். நிர்வாகம் வெளிநாட்டு வேலையாட்களைத் தங்கவைக்க அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதால், சாமான்களை வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். அதிகாரியிடம் சொல்லி அனுமதியும் வாங்கியிருந்தார்கள். அறிக்கைக்கு வேண்டியது ஒவ்வொரு இயந்திரத்தின் படம். அதில் அரசாங்கத்தார் ஒட்டிய எண் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிய வேண்டும்.

புஷ்பா அக்கா வீட்டில் மாவு இயந்திரத்தில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஓவன்கள் இரண்டும் லெட்சுமி அக்கா வீட்டு முன்கூடத்தில், வாசலைப் பார்த்தபடி. பளபளவென்று துடைத்திருந்தார். நான் முன்னும் பின்னும் பார்த்தேன்.

"அக்கா, இதுல ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்குமே?"

"வந்த அன்னிக்கே பிச்சிட்டேன். பசை போகல, மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன்."

"ஏன்கா?"

"நம்பர் போட்டு ஒட்டுனா என்னா அர்த்தம்? முன்ன தவணைக்காரனுங்க எங்க வீட்டு பிரிஜ்ஜுல ஒட்டுனானுங்க. டிவியில ஒட்டுனானுங்க. மறுநா லாரி வந்துச்சு. லயமே வெளிய நின்னு பார்த்துச்சு. இப்ப மறுபடியும் ஒட்டியிருந்தா, தவணை கட்டாம சாமான் போகப்போவுதுன்னு பேச மாட்டாங்களா?"

புஷ்பா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "கவர்மெண்டு சும்மா குடுத்த சாமானுக்குத் தவணைக்காரன் எங்கடி வருவான்? மண்டையில என்னா வச்சிருக்க, மாவா?"

"மாவுதான். அதுலதான் உனக்கு கேக்கு வருது."

மூவரும் சிரித்தோம். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. என் அம்மாவும் ஒருமுறை அப்படியொரு ஸ்டிக்கரின்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்.

கடைத்தெருவில் அதேபோல் ஸ்டிக்கர் அடித்துக் கொடுப்பார்கள் என்றார் புஷ்பா அக்கா. லெட்சுமி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாங்கா, தெரிஞ்சா எல்லாமே போயிரும்," என்று சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. நடந்ததை நடந்தபடி விளக்கக் கடிதமாக எழுதினேன்.

மெர்லிமாவ் அண்ணன் வந்து ஜாசின் அலுவலகத்தில் இறக்கிவிட்டார். அதிகாரி பொறுமையான மலாய்ப் பெண்மணி. கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஓவன்களை ஒப்படைத்தபோது ஸ்டிக்கர் எண்ணை மட்டும்தான் பதிந்திருக்கிறார்கள், அது இல்லாமல் இவை அந்த ஓவன்கள்தான் என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். ஆட்கள் வந்து சரிபார்க்கும்வரை பணம் நிறுத்திவைக்கப்படும். "எனக்குப் புரிகிறது," என்று மலாயில் சொன்னார். அவருக்குப் புரிந்தது உண்மைதான். ஆனால் அதை எழுத அறிக்கையில் இடமில்லை.

மறுவாரம் ஆட்கள் வரும் நாளில் நானும் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வந்திருந்தார்கள். ஒருவேளை ஓவன்களைத் திருப்பி எடுக்க வேண்டியிருந்தால் என்று லாரியிலேயே வந்திருந்தார்கள். லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆள். லெட்சுமி அக்கா மட்டும் உள்ளே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, எடுக்கத் தேவையில்லை என்று சொல்லி, இரண்டு ஓவன்களின் முன்பக்கத்திலும் முன்னதைவிடப் பெரிய ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் காலி லாரியோடு போய்விட்டார்கள். லாரி எதற்கு வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

பணம் அடுத்த ஒதுக்கீட்டில் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. கடையை வேறொருவர் எடுத்துவிட்டார். லெட்சுமி அக்கா துப்புரவு வேலைக்குத் திரும்பிவிட்டார், இந்த முறை வேறு பள்ளிக்கூடம், இன்னும் தூரம். மாலையில் வந்து கேக் செய்கிறார். செய்யாத நேரத்தில் ஓவன்கள்மேல் பூப்போட்ட துணி தொங்குகிறது.

இப்படி அறிக்கை எழுத உதவப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜாசினிலிருந்து போகும்போதே திரும்பி வரவும் ஓட்டுநரிடம் பேசி வையுங்கள். லயத்தில் போன் லைன் விட்டுவிட்டுத்தான் வரும், படங்களைக் கடைத்தெருவுக்கு வந்து அனுப்புங்கள். மதியம் அலுவலகத்தில் ஆள் இருக்காது. அறிக்கை எழுதும்போது போவதைவிட, சாமான் வந்து இறங்கும் நாளில் போவது நல்லது. ஸ்டிக்கரையும் இயந்திரத்தின் பின்னால் உள்ள கம்பெனி எண்ணையும் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். அந்த ஸ்டிக்கர் எதற்கு என்று தமிழில் சொல்லுங்கள். வாசலில் நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.