மக்பால் கையெழுத்துப் போடாத வளைவு

மக்பாலுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று செமேய் நகரத்தில் சொல்லாதவர் கிடையாது. சொல்லிவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பலகையில் போட்டது தப்பு என்று எழுந்து நின்றவள் அவள். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமனாருக்குத் தலைகுனிந்துதான் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் புருஷன் கை ஓங்கிய அன்றைக்கே மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். திரும்பி வந்து காலில் விழுவாள் என்று அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று இவள் இர்த்திஷ் ஆற்றின் இடது கரையில் வீடு பிடித்து, மகளை ஆளாக்கி, அல்மாத்திக்குப் படிக்க அனுப்பினாள்.

பிழைப்பு, குழாய்க் கணக்கு. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க அனல் நிலையத்திலிருந்து சுடுதண்ணீர் கொண்டுபோகும் பெருங்குழாய் சூடேறினால் நீளும். நீளுவதற்கு வழி விடாவிட்டால் தாங்கிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் ஆங்காங்கே சாலைக்கு மேலே கதவு நிலை மாதிரி எழுப்பி, நான்கு வளைவு கொடுத்து இறக்குவார்கள். அந்த வளைவுகள்தான் நீட்சியை வாங்கிக்கொள்ளும். அவை தாங்குமா என்று கணினியில் மாடல் செய்து பார்த்துச் சொல்வது மக்பாலின் வேலை. அவள் கையெழுத்து விழுந்தால்தான் குழாய்க்குள் தண்ணீர்.

அந்த வருஷம் இலை உதிரும் சமயத்தில் இடது கரைக்குப் பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார்கள். மக்பால் குடியிருந்த கட்டடமும் அதில் சேர்த்தி. கதவு நிலை எழும்பிய இடமோ மழலையர் பள்ளி வாசலுக்கு நேர் மேலே. வளைவுகளைப் பற்றவைத்துக்கூட முடித்துவிட்டார்கள். கட்டிவிட்டு அப்புறம் கணக்குக் கேட்பதுதான் அந்த அலுவலகத்தின் லட்சணம்.

அங்கே எல்லாருக்கும் ஒரே மாடல்தான். இயக்குநர் தோலெகென் இருபத்தாறு வயதில் செய்து வைத்தது. எந்தக் குழாய் வந்தாலும் அதை எடுத்து நீளத்தை மாற்றி ஓட்டுவார்கள், தாங்கும் என்று திரையில் பச்சை வரும், கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போவார்கள். இந்தக் குழாய் ரொம்பப் பெரிசு, தகடோ மெல்லிசு. மக்பாலுக்கு மனசு கேட்கவில்லை. மாடலைப் பிரித்துப் பார்த்தால், வளைவு என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. மூன்று நேர்த்துண்டுகளை முனையில் ஒட்டி, வளைவு என்று பேர் வைத்திருந்தார் மனுஷன்.

"அடப் பாவிகளா!" என்று வாய்விட்டே சொன்னாள். வளைவுக்கென்றே கணினியில் உள்ள, எலிமென்ட் என்கிற துண்டை எடுத்துப் போட்டாள். அது போதாதென்று, வளைவின் தகட்டையே சின்னச் சின்னக் கட்டமாக வெட்டி இன்னொரு மாடலும் செய்தாள். இரண்டிலும் வளைவின் விலாப்புறம் செக்கச் செவேலென்று வந்தது.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். மூத்தவர்களைப் பேரைச் சுருக்கி மரியாதையாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம். "தோகே, வளைவு தாங்காது," என்றாள்.

"என் மாடல்ல தாங்குதே."

"உங்க மாடல்ல வளைவே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர் குழாயை மடக்கிப் பாத்திருக்கீங்கல்ல? மடக்குற எடத்துல சப்பையாகுமா இல்லியா? இதுவும் அப்படித்தான். வட்டம் நசுங்கும், விலாவுல இழுக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு நாள் கீறிடும்."

"சப்பையானா இன்னும் சுளுவா வளையும். நல்லதுதானே?"

"வளையும். எதைப் பலி கொடுத்து வளையுதுன்னு பாருங்க."

"இத்தனை வருஷமா எது கீறிச்சு? சொல்லு பாப்போம்."

"அதெல்லாம் சின்னக் குழாய், தடிச்ச தகடு. தப்பிச்சீங்க. இது கீறுனா கொதிக்கிற தண்ணி யார் தலைல கொட்டும்? கீழ பாலர் பள்ளி வாசல்."

தோலெகென் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மக்பாலுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். நகரத் தலைவருக்குத் திறப்புத் தேதி கொடுத்துவிட்டார். வளைவுகளை மாற்றினால் பனிக்காலம் வந்துவிடும் என்று பயம். "நீ போடலைன்னா வேற ஆள் போடுவான்," என்றார்.

"தாராளமா. போடப்போறவன்கிட்ட இந்தச் சிவப்பைக் காட்டிட்டு வந்துடுறேன்."

காட்டவும் காட்டினாள். மேஜை மேஜையாகப் போய்க் காட்டினாள். பார்த்தவன் ஒருத்தனும் பேனாவைத் தொடவில்லை. தைரியம் இல்லாதவர்களுக்கும் சில நேரம் புத்தி இருக்கும்.

குளிர்காலம் தொடங்குமுன் அலுவலகத்தில் ஆடு அறுத்து விருந்து வைப்பார்கள். வேகவைத்த ஆட்டுத் தலையை விருந்தில் முக்கியமானவர் முன்னால் வைப்பது மரியாதை. பெண்ணுக்கு வைப்பது அபூர்வம். தோலெகென் அன்றைக்குத் தட்டைத் தானே தூக்கிவந்து மக்பால் முன்னால் வைத்தார். "எங்க தங்கச்சி. இவ கையெழுத்துலதான் ஊரே குளிர் காயுது!" எல்லாரும் கைதட்டினார்கள். தலையை வாங்கிக்கொண்டு, வைத்தவர் கேட்பதை எப்படி மறுப்பாள்? இதுதான் அவர் போட்ட கணக்கு.

மக்பால் கத்தியை எடுத்தாள். கன்னத்துக் கறியை அறுத்து, அங்கிருந்தவர்களில் வயதில் மூத்த ஓட்டுநர் கப்தேஷுக்குக் கொடுத்தாள். அப்புறம் காதை அறுத்தாள். காது பிள்ளைகளுக்கு உரியது. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும் என்று கொடுப்பது. அதைக் கொண்டுபோய்த் தோலெகென் தட்டில் வைத்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

"நான் என்ன சின்னப் பையனா?" தோலெகென் முகம் கறுத்துவிட்டது.

"உங்களுக்கில்லை தோகே. அந்த மாடலைச் செஞ்சான் பாருங்க, இருபத்தாறு வயசுப் பையன், அவனுக்கு. அவனை இன்னைக்கு வரைக்கும் யாரும் எதிர்த்துப் பேசலை. கேட்டுப் பழகட்டும்."

கப்தேஷ்தான் தொண்டையைச் செருமினார். "தலையைக் கொண்டாந்து வச்சது நீ. பங்கு போடுறது அவ உரிமை. தின்னுடா தோலெகென்."

தின்றார். காதுக் குருத்தெலும்பு கடிபட நேரமாகும். அத்தனை நேரமும் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தடிச்ச தகட்டுல புது வளைவு வந்து சேர எவ்வளவு நாளாகும்?"

"பனி விழுந்துடும்."

"ஊர் என்னைக் காறித் துப்பும்."

"என் மேல துப்பச் சொல்லுங்க. பேரை எழுதி ஒட்டிடுங்க."

மனுஷன் அதையும் செய்துவிட்டார்! பொறியாளர் மக்பால் கையெழுத்துப் போட மறுத்ததால் சுடுதண்ணீர் தாமதம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் காகிதம் ஒட்டினார்கள். பனி விழுந்தது. இடது கரை முழுக்க அவள் பேரைச் சொல்லித் திட்டியது. கடையில் ரொட்டி கொடுப்பவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மக்பால் ஒரு காகிதத்தையும் கிழிக்கவில்லை.

கீழ்வீட்டு ஆய்நாஷ் ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினாள். தட்டினாளா, உடைத்தாளா! "நல்லாருக்கா அக்கா இப்போ? பாலர் பள்ளிக்குப் போற புள்ளை விடிய விடிய இருமுது. உங்க வீம்புக்கு நாங்க குளிர்ல சாகணுமா?"

"என் வீட்லயும் குளிருதுடி. கோட்டோடதான் தூங்குறேன்."

"தூங்குங்க! உங்களுக்கென்ன, உங்க மக அல்மாத்தியில. எங்களுக்குப் புள்ளை இங்க இருக்கு!"

மக்பால் உள்ளே போனாள். வீட்டில் இருந்த ஒரே மின்கணப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் கையில் திணித்தாள்.

"கொண்டுபோய்ப் புள்ளைகிட்ட வை. நாலு நாள் இருமட்டும்டி. இருமுறதுக்குப் புள்ளை இருக்குல்ல?"