மயக்கம் தெளிந்ததும் கேட்க வேண்டியது

"நீ தூங்கும்போது எங்கடி போறே?" என்று அத்தை கேட்டாள். ஆசனங்களை முடித்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"எங்கயும் போகல. கட்டில்லதான் கிடக்கேன்."

"அது உன் உடம்பு. நான் உன்னைக் கேட்டேன்."

"தெரியல அத்தை. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"தெரியலன்னு யாருக்குத் தெரியுது?"

"என் மேனேஜருக்கு. லேட்டா போனா அவரே சொல்லுவார்."

சிரித்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

அப்பாவின் தங்கை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இருபத்தாறு வருஷமாக. நோயாளியைப் பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொல்வாள். ஆறைத் தாண்டியவர்கள் குறைவு. ஒவ்வொருவரையும் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று முன்பே உறவினர்களிடம் கேட்டு, பிளாஸ்திரியில் எழுதிக் சட்டைக்கையில் ஒட்டிக்கொள்வாள். எழுப்பும்போது அந்தப் பெயர்தான். ஒரு நீதிபதியை "குண்டு, கண்ணைத் திற" என்று எழுப்பியிருக்கிறாள். அவரும் திறந்திருக்கிறார்.

"எல்லாரும் 'இப்பத்தானே படுத்தேன்'னு சொல்றாங்க. நடுவுல மூணு மணி நேரம் ஆளே இல்ல" என்பாள்.

ஆனால் தினமும் காலை ஐந்து மணிக்குக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே விரிப்பைப் போட்டு அவள் பழகியது வேறு. மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்று உள்ளே இருக்கிறது, அது தூங்காது என்று நம்பினாள். தியேட்டரில் பார்த்ததுதான் நிஜமென்றால் அத்தனை வருஷக் காலைகளும் வெறும் உடற்பயிற்சி.

அவளுக்கே பித்தப்பையை எடுக்க வேண்டி வந்தது. "நல்லதாப் போச்சு, பார்த்துடலாம்" என்றாள். "முழிச்சதும் 'நடுவுல இருந்தீங்களா?'ன்னு கேளு. வேற எதுவும் பேசாதே. ரெண்டு நிமிஷம் விட்டா மனசு கதை கட்டிடும்."

ஆபரேஷன் முடிந்ததும் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் கன்னத்தில் தட்டி, "சாமியாரே, தவம் போதும், கண்ணைத் திறங்க" என்றாள். அங்கே அதுதான் அத்தையின் பெயர். திறந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

"வலிக்குதா அத்தை?" என்றேன்.

"வலிக்குது" என்றாள். மறுபடி தூங்கிவிட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பிளாஸ்கைக் கழுவி வெந்நீர் பிடித்து வைத்தேன். சாயங்காலம் 'நடுவுல இருந்தீங்களா?' என்று கேட்டபோது, "இப்ப எதைச் சொன்னாலும் நானா சேர்த்ததா இருக்கும். விடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறு வாரம் ஆசனம் கூடாது என்றார் டாக்டர். விரிப்பில் மல்லாந்து படுக்க மட்டும் செய்தாள். சில நாள் குறட்டை கேட்கும். நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவேன். ஒருநாள் நான் செருப்பை மாட்டும்போது கூப்பிட்டாள்.

"இனிமே நான் தூங்கிட்டா, போறதுக்கு முன்னாடி தட்டி எழுப்பு. எழுப்பினதும் அதைக் கேளு. வலிக்குதான்னு மட்டும் கேட்காதே."