சாக மறுத்த பூஞ்சணம்

பூஞ்சணத்துக்கு வயது பார்ப்பது என் தொழில். இதைக் கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு விளக்கிப் பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும். உத்தியோகத்தின் பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் "ஓ" என்று சொல்லிவிட்டுச் சாம்பாரைக் கேட்கத் தொடங்குகிற தொழில் உங்களுடையதும் என்றால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கூட்டம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி உதவியாளர், அங்கேயே மேற்பட்டத்துக்கும் படிக்கிறேன். கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன்.

உரப்பை

எங்களுக்கு வேண்டிய பூஞ்சணம் சாணத்தில்தான் வளரும். ஆட்டுப் புழுக்கையிலும் கிடைக்கும். ஆனால் எங்கள் பேராசிரியைக்கு (எல்லாருக்கும் அவர் 'மிஸ்'தான்) நெடுந்தீவில் மேய்ப்பாரில்லாமல் திரியும் குதிரைகளின் சாணம்தான் வேண்டும். கடலுக்கு நடுவே தனித்து வாழும் குதிரைகளிடம் தனி வகைப் பூஞ்சணம் இருக்கலாமே என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஆகவே குதிரைகளின் பின்னால் பொறுமையாக நடந்து, ஒரு உரப்பையை நிரப்பிக்கொண்டு, திரும்பும் படகில் ஏறினேன்.

வெயிலுக்குப் பை மணக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் மூக்கைச் சுழித்துக்கொண்டு, தோட்டத்துக்கோ என்று கேட்டார். இல்லை, இதிலே பூஞ்சணம் வளர்க்கப் போகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குறிகட்டுவான் துறையில் இறங்கும்போது சொன்னார்: "பிள்ளை, எங்கடை வீட்டுப் பாணிலை அது சும்மாவே வருது. அடுத்தமுறை கடல் கடக்காதேங்கோ, ஒரு றாத்தல் பாண் கொண்டுபோங்கோ."

சோற்றுக்கு முன்னால் சாவு

அந்த ஐயாவுக்கு நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது இது. பாணில், அதாவது ரொட்டியில், வருகிற பூஞ்சணம் தின்னக் கிடைக்கும் வரை வளர்ந்துகொண்டே போகும். பொடோஸ்போரா என்ற எங்கள் சாணப் பூஞ்சணத்துக்கு அப்படியில்லை. அதற்கு நம்மைப்போல மூப்பு உண்டு. நீளமான கண்ணாடிக் குழாயில் சோளமாக் கூழை உறைய வைத்து, ஒரு நுனியில் பூஞ்சணத்தை விட்டால் அது மெல்ல மெல்ல மறு நுனியை நோக்கிப் போகும். நான் தினமும் அது வந்த இடத்தில் பேனாவால் கோடு போடுவேன். சில கிழமைகளில் முனை மெலிந்து, நிறம் கறுத்து, நின்றுவிடும். முன்னால் சாப்பாடு அப்படியே கிடக்கும்.

எங்கள் ஆய்வுகூட உதவியாளர் யோகன் அண்ணை ஒருநாள் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன வருத்தம், என்ன நோய் வந்து சாகிறது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இழைமணி, அதில்தான் உயிர்க்கலத்தின் மூச்சு நடக்கிறது என்றேன். ஒட்சிசனைக் கொண்டு எரித்துச் சக்தி எடுக்கும்போது கொஞ்சம் கெட்ட கழிவும் வரும். அடுப்புப் புகை குசினிச் சுவரைப் பிடிப்பது போல அது இழைமணியையே பழுதாக்கும். பழுது கூடக்கூட மூப்பு வரும் என்று எங்கள் துறையில் பலர் நினைக்கிறார்கள். யோகன் அண்ணை கவனமாகக் கேட்டுவிட்டு, கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுத்தார். "மூச்சு விடாட்டியும் சாவு, விட்டாலும் சாவு. இதுக்கோ தங்கச்சி இவ்வளவு படிச்சனீங்கள்?"

மரக்கறியோ, மச்சமோ

வேலை முடிந்த குழாய்களை அப்படியே எறிய முடியாது. பெரிய அவிக்கும் பானையில் வைத்து, உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கொன்ற பிறகுதான் எறியலாம். அது யோகன் அண்ணையின் வேலை. செத்தவற்றையும், சாகப் போகின்றன என்று நான் முடிவு கட்டிய மெலிந்தவை சிலவற்றையும் கூடையில் போட்டுக் கொடுத்தேன். அன்று கந்தசஷ்டி விரதம் தொடக்கம். அவர் கூடையைத் தொடவில்லை. இது மரக்கறியோ மச்சமோ, சைவமோ அசைவமோ என்று முதலில் தெரிய வேண்டுமாம்.

மிஸ்ஸிடம் கேட்டோம். மிஸ்ஸுக்கு உண்மையை மழுப்பத் தெரியாது. பூஞ்சணம் மரமும் இல்லை, மிருகமும் இல்லை, ஆனால் சொந்தம் பார்த்தால் மரத்தைவிட நமக்குத்தான் கிட்ட என்றார். யோகன் அண்ணை கூடையை மூலையில் தள்ளி வைத்தார். "அப்ப சூரன்போர் முடியட்டும் மிஸ். விரதத்தோடை சொந்தக்காரரை அவிக்க என்னாலை ஏலாது."

கோட்டைத் தாண்டியது

விரதம் முடிந்து அவர் கூடையைத் தூக்கியபோது, எனக்கே ஏனென்று தெரியாமல், ஒருமுறை பார்க்கிறேன் என்றேன். எல்லாம் நின்ற இடத்தில் நின்றிருந்தன. ஒன்று மட்டும் என் கடைசிக் கோட்டைத் தாண்டி, ஆமை வேகத்தில், போய்க்கொண்டிருந்தது. அதைப் புதிய குழாய்க்கு மாற்றினேன். அங்கேயும் போனது. இன்னொன்றுக்கு மாற்றினேன். அதிலும் போனது. அதோடு பிறந்தவையெல்லாம் எப்போதோ செத்துப்போயிருந்தன.

மிஸ் சந்தோஷப்படவில்லை. காற்றில் வந்து விழுந்த வேறு பூஞ்சணமாக இருக்கலாம், இனம் ஒன்றுதான் என்று காட்டு, காட்டினால் உன் பட்டத்துக்கு இது போதும், இல்லையென்றால் இத்தனை காலமும் வீண் என்றார். அதே கிழமைதான் எனக்குத் தூர வன்னியில் அரசாங்க ஆசிரியர் நியமனமும் வந்தது. பொறுப்பேற்கக் கொஞ்ச நாள்தான் தந்திருந்தார்கள். நிரந்தர உத்தியோகம், ஓய்வூதியம், எல்லாம் உண்டு.

அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. நாங்கள் இருக்கும் வீடே அவருக்குத் தாய்வழிச் சீதனமாக வந்தது. அது எனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே கூரை ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறார். நான் நியமனத்தை ஏற்காமல் இழுத்தடிப்பதைக் கண்டு மூன்று நேரமும் பேச்சு விழுந்தது. "சாகாத பூஞ்சணத்தைக் காவல் காத்துச் சாகிறதுக்கோடி உன்னைப் படிப்பிச்சனான்?"

சம்பந்தம்

இனத்தைக் காட்ட வழி, அது காய்க்க வேண்டும். வித்துகள் இருக்கும் கரும்புள்ளிகளை அந்த இனம் சாணத்தில் வைக்கும். ஆனால் எங்கள் சாகாவரத்தான் காய்க்க மறுத்தான். பிறகுதான் அவன் மூச்சைச் சோதித்தோம். பிரதான வீதியை விட்டு ஒழுங்கையால் போகிற மாதிரி, அவன் இழைமணி வேறு வழியால் மூச்சு விட்டது. சக்தி குறைவு, கழிவும் குறைவு. அதனால்தான் நீண்ட ஆயுள், அதனால்தான் மந்தம், அதனால்தான் காய்ப்பும் இல்லை என்று மிஸ் ஊகித்தார்.

இந்த இனத்தில் ஒன்றே தாயும் ஆகலாம், தகப்பனும் ஆகலாம்; காய்ப்பது தாய்தான். தாயாக முடியாவிட்டால் தகப்பனாகலாமே என்று எனக்குத் தோன்றியது. தனியே காய்க்காத ஓர் இளம் பூஞ்சணத்தைச் சாணக் கூழில் வளர்த்து, இவனைக் கழுவிய, இவனுடைய ஆண் உயிர்க்கலங்கள் மிதக்கும் தண்ணீரை அதன்மேல் விட்டேன். இனம் ஒன்றாக இருந்தால்தான் ஒட்டும். நியமனத்துக்குக் கடைசி நாள் காலை, வன்னிக்குப் போக உடுப்புப் பையையும் கட்டிக்கொண்டுதான் ஆய்வுகூடத்துக்குப் போனேன். தட்டைத் திறந்தால், கடுகை அரைத்துத் தூவியது போலக் கரும்புள்ளிகள். மிஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, என் பையையும் பார்த்தார். "உடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டை போம். மாப்பிள்ளை எங்கடை ஆள்தான்."

சீதனம்

பிள்ளைகள் தகப்பனைப் போல நெடுங்காலம் வாழும் என்று எதிர்பார்த்துக் குழாய்களில் விட்டேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாம் தாயின் கணக்குப்படி வளர்ந்து, தாயின் கணக்குப்படி கிழடாகி, நின்றன. எனக்கு அழுகை வந்தது. மிஸ்ஸோ துள்ளிக் குதிக்காத குறை. வித்துக்கு இழைமணி தாயிடமிருந்துதான் வரும். ஆகவே அவன் சாகாவரம் இழைமணிக்குள்ளேதான் இருந்திருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுக்க அவனால் முடியவில்லை. நான் தேடியதே அதுதானாம்.

அன்று அம்மாவுக்கு இதை விளக்கினேன். மனிதரிலும் அப்படித்தானோ என்று கேட்டார். ஓம் அம்மா, எனக்குள் இருக்கிற இழைமணி எல்லாம் உங்களுடையதுதான், உங்களுக்கு உங்கள் அம்மாவினுடையது என்றேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். நான் நியமனத்தை விட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்ப உன்ரை மூச்சும் நான் தந்த சீதனந்தான். வீட்டை எண்டாலும் வித்துப்போட்டுத் திரும்ப வாங்கலாம். இந்த மூச்சைக் கொஞ்சம் பாத்துச் செலவழி, பிள்ளை."

பூஞ்சணத்தின் ஆயுளைக் கண்டுபிடிக்கப் போன நான், இப்போதெல்லாம் கரவெட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடி மூச்சு வாங்கும்போது, அம்மாவின் சொத்தை அநியாயமாக்குகிறேனே என்று பயந்து கொஞ்சம் மெதுவாகவே ஓடுகிறேன்.