வேப்பமரத்தில் ஒரு போர்டு

காலையில் முத்தம்மா அத்தையோடு சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்குப் போனேன்.

அத்தையின் மகள் மாரீஸ்வரி தொண்ணூறுகளில் அங்கே படித்தவள். படிப்பை முடிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு வேப்பங்கன்று நடுவார்கள். தண்ணீர் ஊற்றுவது பெற்றோர் வேலை. மற்றவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அத்தை மட்டும் வெள்ளிதோறும் குடத்தோடு போகிறார். மரம் மாடி உயரம்.

சத்தமில்லாமல் பூ உதிர்ந்து குடத்து நீரில் மிதந்தது.

மரத்தில் புதுப் போர்டு: யாரோ ஒரு முதலாளியின் உபயமாம்!

"என்ன எழுதியிருக்காக?" எழுதப் படிக்கத் தெரியாத அத்தை கேட்டார்.

"மாரீஸ்வரி பேரு, அத்தை."

எழுத்துகளை மெல்லத் தடவினார். "சிஸ்டருக மறக்கல பாரேன்."

அந்த முதலாளி ஒரு குடமாவது ஊற்றியிருந்தால் நான் சொன்னது பொய். ஊற்றியதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.