காயாத தங்கப்பொடி

பிளாரன்ஸ் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் அடித்த கடிதத்தில் பிழை பார்த்ததில்லை என்று மேனேஜரே சொல்வார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தங்கை ஆக்னஸைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், தன் முப்பத்தாறாவது வயதில், தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டு, பத்திரிகை அடிக்கச் சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போனாள்.

அண்ணாச்சி மாதிரிகளை எடுத்துப் பரப்பினார். வெள்ளை அட்டையில் கறுப்பு மை, மஞ்சள் அட்டையில் சிவப்பு மை. இன்னொன்று தங்க எழுத்து. ஒட்டும் மையில் அச்சடித்து, அந்த ஈரத்தின் மேல் தங்கப்பொடி தூவிப் பஞ்சால் துடைத்தெடுப்பது.

“கறுப்பே போதும் தங்கச்சி. பேரு பளிச்சுன்னு தெரியும். தங்கம் நம்ம ஊரு கடல்காத்துல லேசுல காயாது.”

மாப்பிள்ளையின் அண்ணன் கல்யாணத்துக்குத் தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே இறங்க அவளுக்கு மனசு வரவில்லை.

“தங்கமே இருக்கட்டும் அண்ணாச்சி.”

சனிக்கிழமை அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் போனபோது, அட்டைகள் பலகைகளில் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“செவ்வாக்கிழமை வாங்க. இப்பம் அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்.”

“இன்னைக்கே தாரேன்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன். நான் பாத்துக்கிடுதேன்.”

அவர் எவ்வளவு தடுத்தும் கேளாமல் அவளே அடுக்கிக் கட்டினாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஹென்றி, மாதா கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். உறவுக்காரர்கள் கூடியிருந்த கூடத்தில் அவர் கட்டைப் பிரித்தார். ஓர் அட்டையின் எழுத்து அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை பெயர் பாதி அழிந்துபோயிருந்தது. ஹென்றியின் வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

“மாப்பிள்ளையே இல்லாமக் கல்யாணமா?” என்று ஹென்றியின் அக்கா சிரித்தாள்.

பிளாரன்ஸ் வாய் தானாகத் திறந்தது. “பிரஸ்காரர் அவசரப்பட்டுட்டாரு மாமா. நல்லாக் காயட்டும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

ஹென்றி வேறு அச்சகத்தில் கறுப்பு மையில் புதிதாக அடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கோயிலில் திருவிழா நோட்டீஸ் கொடுத்தார்கள். வருஷா வருஷம் சங்கரபாண்டியன் அடிப்பது அது. இந்த முறை அடியில் வேறு அச்சகத்தின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு அவள் காதில் பிரசங்கம் விழவில்லை.

நேரே அச்சகத்துக்குப் போனாள். அண்ணாச்சி ஈய எழுத்துகளைப் பிரித்து எழுத்துப்பெட்டியின் அறைகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் உங்க மேல பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி.”

“தெரியும். உங்க சம்பந்தி இங்க வந்து சத்தம் போட்டாவ.”

“நீங்க நடந்ததைச் சொல்லலையா?”

“சொன்னா பொண்ணு வீட்டுக்காரி பொய் சொல்லுதான்னு ஆகும். கல்யாணம் பேசின வீடு. என்ன சொல்லச் சொல்லுதீங்க?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

அன்று மாலையே ஹென்றி வீட்டுக்குப் போனாள். அவருடைய அக்காவையும் கூப்பிடச் சொல்லி, இருவர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“அந்த மனுசனை அவர் கடை வாசல்லயே வச்சு ஏசிட்டேனே,” என்றார் ஹென்றி. மறுநாள் அவரே அச்சகத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷ நோட்டீஸ் போனது போனதுதான். அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி சங்கரபாண்டியனுக்கே வந்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அண்ணாச்சி மனைவியோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார். பிளாரன்ஸே அவருக்கு இலை போட்டுப் பரிமாறினாள். “சோறு போதும் தங்கச்சி,” என்று அவர் சொன்னபோதும் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.