வாசித்துவிட்டு அடுப்பில் வையுங்கள்

போடிமெட்டுப் பக்கமிருந்து வந்த ஜீப் எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றபோது நான் வெயிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அந்தோணி இறங்கி வந்து, "அண்ணாச்சி, ஞானம்மா டீச்சர் போயிட்டாங்க" என்றான்.

"எந்த பஸ்ஸுக்கு?" என்று கேட்டேன். இந்த மலையில் நான் வம்புக்கு இழுக்காத டிரைவர் கிடையாது. இவனும் பதிலுக்கு ஏதோ ஆரம்பிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "நெஞ்சுவலி அண்ணாச்சி. நேத்து சாயங்காலம். நாளைக்குக் காலையில அடக்கம்."

பீடி அணைந்தது எனக்குத் தெரியவில்லை.

டீச்சரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களும் படிக்கலாம், தடையில்லை. எழுதுகிறவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன். பிழை இருந்தால் டீச்சரைத்தான் கேட்க வேண்டும்; கிழவனாகப் போகிற வயதில் என்னை எழுத வைத்தவர் அவர்தான்.

கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது டீச்சருக்கு எஸ்டேட்டில் வேலை. சாயங்காலம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பழைய மஸ்டர் கொட்டகையில் பெரியவர்களுக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பார். வகுப்புக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக வந்தபோது, "டீச்சர், நான் ரிடையர் ஆகப்போறவன்" என்று தப்பிக்கப் பார்த்தேன். "நல்லதாப் போச்சு அண்ணாச்சி. அதுக்கப்புறம் வாசிக்க நெறைய நேரம் இருக்கும்" என்றார். மறுநாள் சாயங்காலமே போனேன்.

என் மனைவி சொர்ணம் வரவில்லை. "ஒரு வீட்டுக்கு ஒரு கிறுக்கு போதும்" என்றுவிட்டாள்.

கல்வி ஆபீசிலிருந்து வகுப்புக்கு வந்தது ஓர் அரிக்கேன் விளக்கும் மண்ணெண்ணெயும் மட்டும். தேயிலைப் பெட்டியின் உடைந்த பலகைக்குக் கரி பூசிக் கரும்பலகையாக்கினார் டீச்சர். இங்கிலீஷ் புத்தகம் வேண்டுமே? மழைக்கு நாங்கள் எல்லோரும் பழைய சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவோம். அந்தச் சாக்குகளில் இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருக்கும். "எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்று சொல்லி, ஒருவர் முதுகை இன்னொருவர் வாசிக்க வைத்தார்.

என் முதுகை வாசித்தவள் கொழுந்துக்காரி பாக்கியம். எழுத்துக்கூட்டி முடித்து டீச்சரிடம் அர்த்தம் கேட்டவள், அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, உம்ம முதுகுல 'கொக்கி போடாதே'ன்னு எழுதியிருக்கு! சொர்ணத்தக்காவுக்கு முன்னாடியே வாசிக்கத் தெரிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பாக!" மூட்டையைக் கொக்கியால் குத்தித் தூக்காதே என்று சுமைக்காரர்களுக்காக அச்சடித்தது அது. அந்தச் சாக்கை நான் இரண்டு மழைக்காலமாகப் போட்டுத் திரிந்திருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்தது கவாத்துக் குச்சி. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்ததும், வெட்டிப்போட்ட கிளைகளை நாம் விறகுக்கு அள்ளி வருவோம் இல்லையா, அதிலிருந்து குச்சிகளைப் பொறுக்கி, நறுக்கி, ஓர் எழுத்துக்கு ஒரு சின்னக் கட்டாகக் கட்டி வைத்தார் டீச்சர். கட்டை அவிழ்த்துத் தரையில் அடுக்கினால் எழுத்து. அவர் அடுக்குவார், நாங்கள் வாசிப்போம். இங்கிலீஷ் எழுத்து நேர்க்குச்சியில் சீக்கிரம் முடிந்துவிடும். தமிழுக்கு வளைந்த குச்சி வேண்டும். அதிலும் அவருடைய பேரின் முதல் எழுத்து அவருக்கே சரியாக வராது. "உங்கப்பா பட்டம்மான்னு பேர் வச்சிருக்கக் கூடாதா டீச்சர்?" என்பேன். "இன்னும் நல்லா வளைஞ்ச குச்சியாத் தேடிக் கொண்டாங்க அண்ணாச்சி, பேர் இதேதான்" என்பார்.

அப்போதுதான் கொட்டகைக்கு ஆபத்து வந்தது. உரமூட்டை அடுக்க இடம் வேண்டும் என்று எஸ்டேட் மேனேஜர் துரை கேட்டார். கல்வி ஆபீசர் வந்து பார்ப்பார், வகுப்பு உருப்படியாக நடக்கிறது என்று அவர் சொன்னால் விடுகிறேன், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்றார். லைன் வீட்டின் ஒற்றை அறையில் அடுப்பும் படுக்கையும் போக வகுப்புக்கு இடம் ஏது? டீச்சர் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆபீசர் நல்ல ஆனி மழையில் வந்தார். மலையாளத்துக்காரர், சாந்தமான மனிதர். தேயிலைப் பெட்டி மேல் உட்கார்ந்து, "டீச்சரே, படிப்பிக்குற சாதனமெல்லாம் எவிட?" என்று பாடச் சாமான்களைக் கேட்டார்.

டீச்சர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். குச்சிக் கட்டுகளைப் போட்டு வைக்கும் கூடை காலி.

வெந்நீர் அடுப்பில் சொர்ணம் சின்னச் சின்னக் கட்டாகச் செருகியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மத்தியானம் சொர்ணம் கொட்டகைப் பக்கம் போனவள், மழைக்காலத்தில் இவ்வளவு காய்ந்த சுள்ளி, அதுவும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறதே என்று அத்தனையையும் அள்ளி வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் இங்கிலீஷ் இருபத்தாறும் வெந்நீராகியிருந்தன. அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் நான் வகுப்புக்கு வந்திருந்தேன்.

"சார், எழுத்தெல்லாம் எங்க வீட்டு அடுப்புல இருக்கு" என்றேன்.

"கத்திச்சோ?" என்றார் ஆபீசர். எரித்துவிட்டீர்களா என்று அர்த்தம். நான் பேசினால் சிரிக்கிற கூட்டம் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பாக்கியம் ஓடிப்போய்ச் சொர்ணத்தை இழுத்து வந்தாள். வாசலில் நின்ற சொர்ணம், "நான் என்னத்தக் கண்டேன்? குச்சி கெடந்துச்சு, எடுத்தேன். இதெல்லாம் எழுத்துன்னு எழுதியா வச்சிருந்தீக?" என்றாள்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். "அக்கா சரியாத்தான் கேக்குறாங்க. வீட்டுல வெறகு மிச்சம் இருக்காக்கா?"

"ஈரவெறகு ஒரு கட்டு கெடக்கு."

"கொண்டாங்க."

கட்டைத் தரையில் கொட்டி, "நான் எழுத்தைச் சொல்றேன், நீங்க செய்ங்க" என்றார். அதுவரை அவர் செய்ததை வாசித்தவர்கள்தான் நாங்கள். தடவிப் பார்த்தோம், முழங்காலில் வைத்து ஒடித்தோம், சண்டை போட்டோம். "அந்த வளைஞ்சத விடுங்க அண்ணாச்சி, என் 'உ'னாவுக்கு வேணும்!" என்று பாக்கியம் என் கையிலிருந்து பிடுங்கினாள். தப்பாக வைத்தால் பக்கத்தில் இருப்பவன் காலால் தள்ளித் திருத்தினான். ஆபீசரும் குத்தவைத்து உட்கார்ந்து மலையாள எழுத்து ஒன்றை அடுக்கப் பார்த்தார். "எங்க எழுத்துக்கு இதவிட வளைஞ்ச குச்சி வேணுமே டீச்சரே" என்று சிரித்தார்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்த சொர்ணம் மெதுவாக உட்கார்ந்தாள். "எம் பேருக்கு மொத எழுத்து எது?" டீச்சர் விரலால் தரையில் கீறிக் காட்டினார். குச்சிகளை வைத்து முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத நான் எரிக்க மாட்டேன்."

"எரிங்கக்கா. நாளைக்கு வந்து இன்னொண்ணு செய்ங்க."

ஆபீசர் துரையிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனார்; கொட்டகை தப்பித்தது. உரமூட்டை வேறு இடத்துக்குப் போனது. அன்று முதல் அதுவே வகுப்பின் சட்டம்: செய்த எழுத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைக்க வேண்டும், பழைய எழுத்தோடு யாரும் வரக்கூடாது. பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்து, இதற்கு என்ன செலவாகும் என்று கேட்டார்கள். "கவாத்து முடிஞ்சதும் சொல்லி அனுப்புறேன், வந்து பொறுக்கிக்கோங்க" என்றார் டீச்சர். பிறகு போடிமெட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலை மாறிப் போனார். அங்கே வகுப்புக்குக் கொட்டகை கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். கேட்டுக்கொண்டிருப்பதாகவும், கிடைத்துவிடும் என்றும் சொல்லியிருந்தார்.

அடக்கத்துக்குப் போடிமெட்டுக்கு ஒரு விறகுக் கட்டோடு போனேன்; சொர்ணமும் பாக்கியமும் கூட வந்தார்கள். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்ததும், புது மண்மேல் டீச்சர் பேரை அடுக்கினேன். வளைவுகளைச் சொர்ணம் தேடிக் கொடுத்தாள். முதல் எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. அதற்குக் கீழே பாக்கியம் இங்கிலீஷில் வைத்தாள்.

கல்லறைத் தோட்ட ஓரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து நின்றாள். டீச்சர் கடைசியாக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். "தாத்தா, இந்தக் குச்சி உங்களுக்கு வேணுமா?"

சொர்ணம் திட்ட வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "எடுத்துக்கம்மா. ஆனா வாசிச்சுட்டு எடு."

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"அப்ப உக்காரு."

நாங்கள் நான்கு பேரும் அந்த ஈர மண்ணில் உட்கார்ந்தோம். கடைசி எழுத்து வரை வந்ததும், குச்சிகளைக் கலைத்துவிட்டு, "இப்ப நீ வை" என்றேன். வைத்தாள். அவளுக்கு முதல் எழுத்து என்னைவிட நன்றாக வந்துவிட்டது; கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு குச்சிகளைச் சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "நாளைக்கும் இருப்பீங்களா தாத்தா? எங்க லைன்ல இன்னும் ரெண்டு பேரு கேப்பாக" என்றாள்.

டீச்சர் கை பட்ட குச்சி ஒன்றுகூட என்னிடம் மிச்சமில்லை. எல்லாம் எரிந்துவிட்டது. திரும்பச் செய்யத் தெரியும், அது இருக்கிறது. போடிமெட்டுக்கு நாளைக்கு எந்த பஸ் என்று அந்தோணியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.